ஐஸ்லாந்து நாட்டில் ஆட்டு மந்தையின் பனிக்கால ஆயத்தம்

ஓராண்டினைக் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என அறுவகைப் பெரும்பொழுதாகப் பகுத்தனர் நம் முன்னோர். அவற்றுள் பனியின் பெயரால் வழங்குவன இரண்டு. ஆயினும், நம் நாட்டுப் பனி புல்லின் நுனியில் முத்துப்போல் நின்று, ஞாயிறு எழுந்த சில நாழிகைக்குள் மறைந்துபோவது. இடையன் கம்பளியொன்றைப் போர்த்துக் கிடையின் அருகே தீமூட்டி இரவைக் கழித்துவிடுவான். விடிந்தபின் அவன் ஆடுகளுக்கு மேய்ச்சல் உண்டு. வானினின்று வெண்பஞ்சு போல வீழ்ந்து, நிலத்தை மூடி, ஒரு புல்லும் வெளித்தோன்றாதபடி செய்வதனையும் நாம் பனி என்ற அச்சொல்லாலேயே குறிக்கின்றோம். அத்தகைய பனி பெய்யும் நாட்டில் ஆடு வளர்ப்பார் தம் மந்தையை எங்ஙனம் காக்கின்றனர் என்பதனை, ஐஸ்லாந்து நாட்டினைச் சான்றாகக் கொண்டு ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

குளிருக்கு அஞ்சித் தொழுவை வெதுவெதுப்பாக அடைத்து வைத்தலே பனிக்கால ஆயத்தம் என்று எண்ணுவார் பலர். ஆராயுங்கால் அஃது அன்று என்பது புலனாகும். பனிக்காலத்தை வெல்வதும் தோற்பதும் பனி வீழ்தற்கு முன்னரே, ஆடுகளையும் புல்லையும் ஒருங்கு வைத்து எண்ணும் அவ்வொரு நாளிலே முடிந்துவிடுகின்றன. இதனை நிறுவுதலே எம் கருத்து.

1. நாடும் ஆடும்

ஐஸ்லாந்து, அத்லாந்திக் மாகடலின் வடபால், வடதுருவ வட்டத்தை அடுத்து அமைந்த தீவு. கி.பி. 9-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நார்வே முதலிய நாடுகளினின்றும் அங்குக் குடியேறிய மக்கள் தம் கலங்களில் ஆடுகளையும் உடன்கொண்டு சென்றனர். அவ்வாடுகளின் வழித்தோன்றல்களே இன்றும் அங்குள்ளன. குறுகிய வாலும் ஈரடுக்கு மயிரும் உடையவை அவை. வெளியடுக்கு நீண்டு முரடாய் நின்று மழைநீரை வழியவிடும்; உள்ளடுக்கு குறுகி மெத்தென்று உடற்சூட்டைக் காக்கும்.

கூலம் விளைதல் அரிதாகிய அந்நாட்டில், உணவும் உடையும் நெடுங்காலம் பெரிதும் ஆட்டினால் வந்தன. ஆதலின், மந்தை வீழின் மக்களும் வீழ்வர். 1783-ஆம் ஆண்டு ஜூன் 8-ஆம் நாள் லாகி என்னுமிடத்தில் எரிமலைப் பிளவு திறந்தது. எட்டு மாதம் வரை நெருப்புக் குழம்பும் நச்சுப் புகையும் வெளிவந்தன. புளூரின் என்னும் நஞ்சு புல்லிற் படிந்தது. அப்புல்லை மேய்ந்த ஆடுகளில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு மடிந்தன. அதனைத் தொடர்ந்த பஞ்சத்தில் மக்களுள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினர் மாண்டனர். ஆட்டின் வாழ்வும் ஆளின் வாழ்வும் ஒரே கயிற்றில் கட்டுண்டு கிடந்தமை இதனால் விளங்கும்.

2. மந்தையைத் திரட்டல்

கோடைக்காலத்தில் ஆடுகள் குட்டிகளோடு மலைப்புறத்துப் பொதுமேய்ச்சல் நிலங்களில் மேய்ப்பாரின்றித் தாமே திரியும். செப்டம்பர் மாதத்தில் ஊரார் ஒன்றுகூடிக் குதிரையேறியும் கால்நடையாகவும் நாய்களோடு சென்று, பள்ளத்தாக்குத்தோறும் தேடி அவற்றைத் திரட்டிக்கொண்டு இறங்குவர். சில இடங்களில் இவ்வேலை ஒரு வாரம் வரை நீளும். திரண்ட ஆடுகளை வட்டமானதொரு பெரும்பட்டியுள் ஓட்டுவர். வண்டிச் சக்கரத்தின் குடத்தினின்றும் ஆரக்கால்கள் விரிவது போல, அப்பட்டியின் நடுக்களத்தைச் சுற்றிலும் பல அறைகள் விரிந்திருக்கும், குடிக்கு ஓரறை. காதில் வெட்டிய குறியைக் கண்டு, இஃது இன்னான் ஆடு எனத் தேர்ந்து, கொம்பைப் பற்றி அவ்வவ்வறையிற் சேர்ப்பர். பொதுமேய்ச்சல் நிலம், காதுக்குறி ஆகியன பற்றிய விதிகள் 1281-ஆம் ஆண்டின் யோன்ஸ்போக் என்னும் சட்ட நூலிலேயே காணப்படுகின்றன. குறிகளைத் தொகுத்து அச்சிட்ட ஏடுகள் இன்றும் வழக்கில் உள்ளன.

திரட்டும் நாளைத் தள்ளிப்போடுதல் ஆகாது. 2012-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தின் முற்பகுதியில், ஆடுகள் பல இன்னும் மலையிலேயே இருந்தபோது, வடபகுதியில் எவரும் எதிர்பாராத பனிப்புயல் வீசியது. ஆயிரக்கணக்கான ஆடுகள் பனியிற் புதைந்தன. ஊரார் நீண்ட கோல்களாற் குத்தித் தேடி, தோண்டி எடுத்தனர். வாரங்கள் சில கழிந்த பின்னரும் உயிரோடு வெளிப்பட்டன சில. இறந்தனவோ மிகப் பல.

3. எண்ணலும் கழித்தலும்

மந்தை ஊர் வந்து சேர்ந்தபின் உடையவனுக்கு உள்ள கடமைகளுள் தலையாயது, தொழுவைச் செப்பனிடுதல் அன்று, புல்லை அளத்தலே. கோடையில் அறுத்து உலர்த்திய புல் எவ்வளவு உளது, அஃது எத்தனை ஆடுகளுக்கு எத்தனை நாள் வரும் என்று அவன் கணக்கிடல் வேண்டும். முற்காலத்தில் குதிரைப்பொதி இத்துணை என எண்ணினர். இக்காலத்தில், பிளாஸ்டிக் தாளிற் சுற்றிய உருளைக் கட்டுகள் இத்துணை என எண்ணுகின்றனர். அளவை மாறினும் கணக்கு மாறவில்லை.

அக்கணக்கினை எடுத்துக்காட்டொன்றால் விளக்குதும். தாயாடு ஒன்றிற்கு நாளொன்றுக்கு ஒன்றரைக் கிலோ உலர்புல் எனவும், தொழுவில் அடைபட்டிருக்கும் காலம் நவம்பர் முதல் மே வரை ஏறத்தாழ 200 நாள் எனவும் கொள்வோம். ஓர் ஆட்டிற்கு 300 கிலோ; 200 ஆடுகளுக்கு 60,000 கிலோ வேண்டும். கோடை மழையால் புல் குறைந்து, 54,000 கிலோவே கைக்கு வந்தது என வைத்துக்கொள்வோம். குறைவு பத்தில் ஒரு பங்குதானே எனத் தோன்றும். 180 ஆடுகளை மட்டும் வைத்துக்கொள்வானாயின், அவை அனைத்தும் 200 நாளும் வயிறார உண்ணும். 200 ஆடுகளையும் வைத்துக்கொண்டு வழக்கம்போல் இடுவானாயின், 180-ஆம் நாளிற் புல் முற்றும் தீர்ந்துபோம். எஞ்சிய 20 நாளுக்கு ஒரு பிடியும் இராது.

அந்த 20 நாள் எத்தகையவை என்பதே ஈண்டுக் கருதத்தக்கது. கடாக்களைப் பெட்டைகளோடு சேர்ப்பது டிசம்பர் மாதத்தின் பிற்பகுதியில். ஏறக்குறைய ஐந்து திங்கள் கருச்சுமந்து அவை ஈனுவது மே மாதத்தில். வயிற்றிலுள்ள குட்டி விரைந்து வளர்வதும், தாய்க்கு மிகுந்த உணவு வேண்டப்படுவதும் ஈற்றுக்கு முந்திய வாரங்களிலேயே. புல் தீரும் நாளும் அதுவே. அப்பொழுது பட்டினியால் நலிவது 20 ஆடுகள் அல்ல. 200 ஆடுகளும், அவற்றின் வயிற்றிலுள்ள குட்டிகளுமே. ஒன்றையும் இழக்க மனமில்லாதவன் அனைத்தையும் இழக்கின்றான். ஆதலின், எத்தனை ஆடுகளைப் பனிக்காலத்திற்கென வைப்பது என்பதனை அந்நாட்டார் இலையுதிர் காலத்திலேயே முடிவுசெய்து, மிகுதியைக் கழித்துவிடுவர். கழித்தலாவது கொல்லுதலே, அதனை மெல்லிய சொல்லால் மறைத்தற்கில்லை. பல்லிழந்த கிழவாடு, மடி கெட்ட ஆடு, நோய்ப்பட்டு மெலிந்த ஆடு ஆகியன முதலிற் கழிக்கப்படும். குட்டிகளுள்ளும் இனம் பெருக்குதற்கு உரியனவே நிறுத்தப்படும்.

புல் போதாது என அறிந்தும் ஆடுகளைக் குறையாதவனை, ‘கடவுளையும் உறைந்த நிலத்தையும் நம்பி மந்தையை வைத்தவன்’ என்று அந்நாட்டார் பழமொழியாகக் கூறுவர். இது கடவுள் நம்பிக்கையை இகழ்வதன்று. தான் செய்தற்குரிய கணக்கைச் செய்யாது, அதன் சுமையைக் கடவுள்மேல் ஏற்றுவானை இகழ்வது. ஒருவன் தவறு ஊரையே வருத்துமாதலின், 20-ஆம் நூற்றாண்டில் இதற்குச் சட்டமும் வகுத்தனர். தீவன மேற்பார்வையாளர் இலையுதிர் காலத்தில் வீடுதோறும் சென்று, புல்லை அளந்து, ஆடுகளை எண்ணி, இரண்டும் ஒத்திருக்கின்றனவா எனப் பார்க்கும் முறை ஏற்பட்டது.

4. புல்லைப் பற்றிய ஒரு பழங்கதை

தமிழ் பயில்வார்க்கு இலக்கியச் சான்றொன்று காட்டாது போதல் முறையன்று. ஐஸ்லாந்து மக்களின் பழைய உரைநடைக் கதைகளைச் சாகா என்பர். அவற்றுள், கோழி விற்றுப் பொருள் ஈட்டியமையால் ‘கோழித் தோரிர்’ எனப் பெயர்பெற்றான் ஒருவனைப் பற்றியது ஒன்று. அக்கதை முழுதும் புல்லின்மேல் நிற்கின்றது.

பிளுண்டு-கெதில் என்பான் குடிகள் பலரையுடைய செல்வன், நல்லான். ஓராண்டு கோடை கெட்டுப் புல் குறைந்தது. அவன் தன் குடிகளின் புல்லையும் கால்நடைகளையும் கணக்கிட்டு, இன்னார் இத்தனையைக் கழித்தல் வேண்டும் என்று இலையுதிர் காலத்திலேயே கட்டளையிட்டான். சிலர் அதனைக் கேளாது மிகுதியை மறைத்து வைத்துக்கொண்டனர். பனிக்காலம் கடுமையாக வந்தது. மறைத்தவர் ஒவ்வொருவராக அவன் வாயிலில் வந்து நின்று புல் வேண்டினர். அவன் கடிந்துகொண்டானாயினும் கைவிட்டிலன். தன் குதிரைகளுட் பலவற்றைக் கொல்வித்து, அவற்றிற்குரிய புல்லைக் குடிகளுக்கு ஈந்தான். அதன்பின்னும் வேண்டினோர் வரவே, புல் மிகுதியாக வைத்திருந்த கோழித் தோரிரிடம் சென்று விலைக்குக் கேட்டான். அவன் எவ்விலைக்கும் இசைந்திலன். தோரிரின் கால்நடைகளுக்கு வேண்டியது போக எஞ்சியதை மட்டும் எடுத்துக்கொண்டு, விலைப்பொருளையும் வைத்துவிட்டு வந்தான் கெதில். அப்பகை முற்றி, ஈற்றில் கெதிலின் மனைக்கு இரவில் எரியூட்டப்பட்டது. அவன் அதனுள்ளேயே மாண்டான்.

இக்கதையில் கொடியவன் தோரிர் என்பதில் ஐயமில்லை. ஆயினும், கேட்டின் வித்து அவனிடத்தன்று. கணக்கை மறைத்த குடிகளிடத்தே முளைத்தது. அவர்தாம் தீங்கு கருதினாரல்லர். தாம் வளர்த்த ஆட்டைக் கொல்ல மனமின்றி, ‘எங்ஙனமேனும் நடக்கும்’ என்றிருந்தனர். அச்சிறு நெகிழ்ச்சிக்கு விலையாகத் தம்மைக் காத்தவனையே இழந்தனர்.

5. தொழுவின் அமைப்பு

இனித் தொழுவினைப் பற்றிக் கூறுதும். முற்காலத்துத் தொழுக்கள் கல்லாலும் புற்றரையை வெட்டியெடுத்த மண்கட்டிகளாலும் எழுப்பிய தடித்த சுவர்களையும், புல் வேய்ந்த கூரையையும் உடையன. நடுவே நெடுகிலும் உயர்ந்ததொரு தீவன மேடை செல்லும். அதன் இருமருங்கும் ஆடுகள் நின்று உண்ணும். பின்புறம் புல் வைக்கும் கொட்டில் தொழுவோடு இணைந்திருக்கும். புயல் வீசும் நாளில் வெளியே செல்லாமலே புல்லிடுதற்கு ஏற்ற அமைப்பு இது. ஆட்டுப் புழுக்கை தரையிலேயே மிதிபட்டு இறுகிக் கிடக்கும். இளவேனிலில் அதனைப் பாளம் பாளமாக வெட்டி, உலர்த்தி, விறகில்லாத அந்நாட்டில் எரிபொருளாகக் கொண்டனர். ஆட்டிறைச்சியைப் புகையூட்டிப் பதப்படுத்த இன்றும் அது பயன்படுகின்றது.

இக்காலத்துத் தொழுக்களில் தளம், இடைவெளி விட்டுப் பதித்த சட்டங்களால் அமைவது. புழுக்கையும் நீரும் அவ்விடைவெளி வழியே கீழுள்ள நிலவறைக்குள் வீழ்ந்துவிடும். ஆடு உலர்ந்த இடத்திற் படுக்கும். கோடையில் தொழு வெறிதாய் இருக்கும்போதே அந்நிலவறையை வெறுமையாக்கி, கூரையின் ஒழுக்கை அடைத்து, உடைந்த சட்டங்களை மாற்றி, தண்ணீர்க் குழாய்களைப் பார்த்து வைத்தல் வேண்டும்.

ஈண்டு ஓர் உண்மையை வற்புறுத்திக் கூறுகின்றோம். மயிர் நிறைந்து வயிறு நிறைந்த ஆட்டினைக் குளிர் எளிதிற் கொல்லாது. உண்ட புல் இரைப்பையிற் புளித்துச் செரிக்கும்போது உண்டாகும் வெப்பம் அதற்கு உள்ளிருந்து காயும் அடுப்பாகும். ஆட்டைக் கெடுப்பன ஈரம், பசி, அடைபட்ட காற்று ஆகிய மூன்றே. குளிருக்கு அஞ்சிக் காற்றுவழிகளை எல்லாம் அடைத்தால், மூச்சின் ஈரமும் சிறுநீரினின்று எழும் அம்மோனியாவும் உள்ளேயே தங்கி நுரையீரலைப் புண்படுத்தும். கதவைத் திறந்து புகுந்தவுடன் கண் எரியுமாயின், அத்தொழு ஆட்டிற்கு ஆகாது. காற்று மேலே புகுந்து மேலே வெளியேறல் வேண்டும். படுத்திருக்கும் ஆட்டின்மேல் நேரே வீசலாகாது.

எல்லா ஆடுகளும் ஒரே வேளையில் வாய்வைத்து உண்ணுமளவு தீவன இடம் வேண்டும். அஃதில்லையாயின் வலியன உண்டு மெலியன நிற்கும். மொத்தத்தில் புல் போதியதாயினும் மெலிந்தவை மேலும் மெலியும். இதுபற்றியே முதலாண்டுக் குட்டிகளை மூத்த ஆடுகளினின்றும் பிரித்துத் தனியறையில் வைப்பர்.

நவம்பரில் தொழுவிற் புகுந்த ஆடுகளை அப்பொழுதே மயிர் கத்தரிப்பது இக்கால வழக்கம். குளிர் தொடங்கும் வேளையில் போர்வையைக் களைவதா என வியப்புத் தோன்றலாம். புல்லும் தூசும் ஒட்டாத தூய மயிர் அப்பொழுதே கிடைக்கும். அதற்கு விலையும் மிகுதி. மயிர் களைந்த ஆடு மிகுதியாக உண்ணும். ஆதலின் இதுவும், நல்ல தொழுவும் நிறைந்த புல்லும் உடையானுக்கே தகும்.

முன்னாளில் பனிக்காலத்தும் வானம் தெளிந்த நாட்களில் ஆடுகளை வெளியே விட்டுக் கடற்கரைப் பாசியையும் பனிக்கடியிலுள்ள புல்லையும் மேயவிட்டனர். அக்காலத்துப் பெருந்துணையாய் இருந்தது ‘முன்னோடி ஆடு’ என்னும் தனிவகை. மெலிந்த உடலும் நீண்ட காலும் உடைய அவ்வாடு மந்தையின் தலைப்பில் நடந்து வழிகாட்டும். புயல் வருமாயின் தொழுவை விட்டு வெளிவர மறுக்கும் என்பர். இவ்வினத்தை அந்நாட்டார் இன்றும் அழியாது போற்றி வருகின்றனர்.

6. நோயும் காப்பும்

தொழுவடைக்கும் முன் நோய்க்காப்பும் செய்தல் வேண்டும். உறைபனி படிந்த புல்லை உண்ட இளவாடுகள் இலையுதிர் காலத்தில் திடீரென இறந்துபோகும் நோய் ஒன்று உண்டு. இன்று அதனைத் தடுப்பூசியால் விலக்குகின்றனர். காற்றுப்புகாது பொதிந்த ஈரப்புல்லிலும் ஓர் இடர் உண்டு. பொதி கிழிந்து, மண் கலந்து, புல் கெடுமாயின், லிஸ்டீரியா என்னும் நுண்ணுயிர் அதிற் பெருகும். அதனை உண்ட ஆடு தலை சாய்ந்து ஒரே பக்கமாகச் சுற்றிச் சுற்றி வந்து விழும். இந்நோய்க்கு அந்நாட்டு மொழியில் ‘ஈரப்புல் நோய்’ என்றே பெயர்.

யாவற்றினும் பெரிய இடர், மனிதர் தாமே அழைத்துவந்தது. 1933-ஆம் ஆண்டு, குட்டித்தோலால் பொருள் ஈட்டலாம் என்று கருதி, ஜெர்மனி நாட்டினின்றும் கரக்குல் இனத்து ஆடுகள் 20 வருவிக்கப்பட்டன. சிறு தீவொன்றில் அவற்றைத் தனித்து வைத்துப் பார்த்தனர். நோய்க்குறி ஒன்றும் தோன்றவில்லை. பின்னர்ப் பல பகுதிகளுக்கும் பிரித்துக் கொடுத்தனர். சில ஆண்டுகளில், அந்நாட்டு ஆடுகள் மூச்சுத்திணறி மெலிந்து மடியத் தொடங்கின. ‘மேடி’ எனப் பெயரிட்ட அந்நோய், உடலிற் புகுந்து ஆண்டுகள் சில மறைந்திருந்து பின்னரே வெளிப்படுவது. அரையாண்டுக் காலம் ஆடுகள் நெருங்கி நின்று ஒன்றன் மூச்சை ஒன்று வாங்கும் தொழுவே அதற்கு வழியாயிற்று. பனியினின்று காத்த கூரையே பிணியைப் பரப்பும் கூரையும் ஆயிற்று.

நோயுற்ற பகுதிகளில் ஆடுகள் அனைத்தையும் அழித்து, நிலத்தை ஓராண்டு வெறிதாக விட்டு, நோயில்லாப் பகுதியிலிருந்து குட்டிகளைக் கொணர்ந்து புதுமந்தை தொடங்கினர். அங்ஙனம் அழிக்கப்பட்டவை ஏறக்குறைய 6 இலட்சம் என்பர். 1965-ஆம் ஆண்டோடு மேடி ஒழிந்தது. இந்நோயினை ஆராய்ந்த பியோர்ன் சிகுர்த்சன் என்னும் அறிஞர் 1954-ஆம் ஆண்டு ‘மெல்லப் படரும் தொற்று’ என்னும் கருத்தை உலகிற்கு அளித்தார். மேடியை விளைக்கும் நச்சுயிர், மக்களைத் தாக்கும் எய்ட்சு நோயின் நச்சுயிர்க்கு உறவினது எனப் பிற்காலத்தில் அறியப்பட்டது. நோய் பரவாவண்ணம் பகுதிகளுக்கிடையே எழுப்பிய வேலிகள் பல இன்றும் நிற்கின்றன.

7. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், பனிக்கால ஆயத்தம் என்பது உலர்ந்த தளம், தூய காற்று, நோய்க்காப்பு ஆகியவற்றை உள்ளடக்கியதாயினும், அவற்றிற்கெல்லாம் அடிப்படை உண்மையான எண்ணிக்கையே என்பது பெறப்படும். எவ்வளவு உளது, எத்தனை உயிர், எத்தனை நாள் என்னும் மூன்றையும் தன்னை ஏமாற்றிக்கொள்ளாது எண்ணுபவனே மந்தையைக் காப்பவன். அவ்வெண்ணிக்கையில் இரக்கம் இல்லையே என்பார் உளர். பின்பனியின் இறுதியில் சினையாடுகள் எல்லாம் பசித்து நிற்கக் காண்பதினும், முன்னரே சிலவற்றைக் கழித்து ஏனையவற்றை நிறைவாக ஊட்டுதலே இரக்கமாம் என்பது எம் துணிபு.

நம் நாட்டிற்கு இதனால் பயன் என்னை எனின், கூறுதும். நம் ஆட்டிற்குப் பனிக்காலம் முன்பனியன்று, முதுவேனிலே. மழை பெய்த பின்னர்ப் புல் நிறைந்து, தையில் மந்தை செழித்து நிற்கும். பங்குனி தொடங்கி நிலம் காய, மேய்ச்சல் அற்றுப்போம். ஐஸ்லாந்து இடையன் பனிக்கு முன் செய்யும் கணக்கினை நம் இடையன் வெயிலுக்கு முன் செய்தல் வேண்டும். கடலைக்கொடி எவ்வளவு, சோளத்தட்டை எவ்வளவு, வேல நெற்று எவ்வளவு, கோடை மழை வருமளவும் எத்தனை ஆட்டிற்கு இவை தாங்கும் என்று தை மாதத்திலேயே எண்ணிவிடின், வைகாசியில் எலும்பெடுத்த ஆட்டைக் கண்ட விலைக்கு விற்கும் துயரம் பெரிதும் நீங்கும். விலை நிற்கும்போதே மிகுதியை விற்றவன் எஞ்சிய மந்தையையும் காத்தவனாவான்.

இயற்கை, நாட்டிற்கு நாடு வெவ்வேறு பருவத்தில் பசியை வைத்திருக்கின்றது. அப்பசி வரும் நாள் தெரிந்ததே. ஆகவே அதற்கு முன் எண்ணவேண்டிய நாளும் தெரிந்ததே. அந்நாளைத் தவறவிடாமையே மந்தைக் காவலின் முதற்பாடம் எனக் கூறி இவ்வாராய்ச்சியை முடிக்கின்றோம்.